கழற்றிப் போட்டவர்களும் பூசி மறைத்தவர்களும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரை ஒட்டிய பொருட்காட்சித் திடலில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மூன்று நாள் கார் திருவிழா ஒன்று நடக்கும். ‘பேக் டு த ஃபிஃப்டீஸ்’ என்று பெயர். 1964-க்குப் பிந்தைய கார் எதையும் காட்சிக்குச் சேர்க்கமாட்டார்கள். அப்படிக் கட்டுப்பாடு வைத்தும் பத்தாயிரத்துக்கு மேல் வண்டிகள் வந்துவிடுகின்றன. மரநிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் மடக்கு நாற்காலி, பக்கத்தில் ஐஸ் பெட்டி, நாற்காலியில் வண்டிக்காரர். திடலுக்குள் இருக்கும் தெருக்களில் கார்கள் நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். புதிதாகப் போகிறவர் கண்ணுக்கு எல்லாமே ‘பழைய கார்’தான். அரை மணி நேரம் பொறுமையாக நின்று பார்த்தால் இரண்டு பரம்பரைகள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். ஒன்று ஹாட் ராட். இன்னொன்று கஸ்டம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ஹாட் ராட் என்ஜினுக்கு, கஸ்டம் உடம்புக்கு, அது பந்தயத்துக்கு, இது பவனிக்கு. இது தவறில்லை, ஆனால் பாதிதான். அழகுக்குப் பரிசு வாங்கிய ஹாட் ராட் ஏராளம். பெரிய என்ஜின் பொருத்திக்கொண்டு பாதி அமெரிக்காவைக் கடந்து போன கஸ்டமும் உண்டு. என் கணக்கில் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாட் ராட் செய்கிறவன் வேண்டாததைக் கழற்றிப் போட்டு, மிச்சமிருப்பதை ஊரறியக் காட்டுகிறான். கஸ்டம் செய்கிறவன் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, உழைத்த தடமே தெரியாமல் மறைக்கிறான். இதைப் பேச ஆளுக்கு ஒரு வண்டி போதும். ஹாட் ராட் பக்கம் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த கார். கஸ்டம் பக்கம் 1949 முதல் 1951 வரை வந்த மெர்க்குரி. இரண்டையும் செய்தது ஒரே ஃபோர்டு கம்பெனி. மெர்க்குரி அந்தக் கம்பெனியின் நடுத்தர விலைப் பிராண்டு.

1932 மார்ச்சில் ஹென்றி ஃபோர்டு ஒரு வேலை செய்தார். எட்டு சிலிண்டர் வி-8 என்ஜின் என்பது அதுவரை காடிலாக், லிங்கன் என்று வசதி படைத்தவர்கள் வீட்டுச் சமாசாரம். ஃபோர்டு அதன் பிளாக்கை ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானியன் வாங்கும் காரில் வைத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். நாடு பெருமந்தத்தில் முழி பிதுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வி-8 ரோட்ஸ்டர் 500 டாலருக்குள் கிடைத்தது. சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கு வந்தபோது, கையில் காசில்லாத, ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த பையன்களுக்கு அது யோகமாகிப்போனது.

அந்தப் பையன்கள் தெற்கு கலிபோர்னியாக்காரர்கள். லாஸ் ஏஞ்சலீசுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப்படுகைகள் இருக்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம், கெட்டித் தரை, குறுக்கே வர ஒரு மாடு கிடையாது. அங்கே போய் யார் வண்டி வேகம் என்று பார்ப்பது வாரக்கடைசிப் பழக்கமானது. விபத்தும் வாய்ச்சண்டையும் பெருகவே, 1937-இல் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. எஸ்.சி.டி.ஏ. என்பார்கள். பிறகு மியூராக் ராணுவ விமானத் தளத்துக்குப் போய்விட்டது. எட்வர்ட்ஸ் தளம் என்று இன்று உலகம் அறிவது அதைத்தான்.

ஏரிப்படுகையில் கடிகாரம் மட்டும்தான் நீதிபதி. எடை குறைந்தால் வேகம், காற்றுத் தடை குறைந்தால் வேகம். அதனால் மட்கார்டு போயிற்று. பக்கப் படிக்கட்டு போயிற்று. பம்பர், ஹெட்லைட், முன்கண்ணாடி, பானெட்டின் பக்கத் தகடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. மட்கார்டை மட்டும் எடுத்துவிட்டு, பாடியைத் தாழ்த்தாமல் சேஸியின் மேலேயே விட்டால் அதற்கு ஹைபாய் என்று பெயர். பாடியின் தரையை வெட்டிச் சேஸி சட்டங்களைச் சுற்றிக் கீழே இறக்கினால் சேனல். கூரையின் தூண்களை வெட்டிக் குட்டையாக்கினால் சாப். இந்த வெட்டுகளுக்கு ஆரம்பத்தில் அழகோடு சம்பந்தமே இல்லை.

பிறகு ஏன் இத்தனை ஆயிரம் மாடல்களில் 1932 ஃபோர்டு மட்டும் கோயில் சிலைபோல் நிற்கிறது? முழங்கால் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்து மற்றக் கார்களில் சேஸிச் சட்டத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு மறைப்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே முரட்டு இரும்பு பல்லிளிக்கும். 1932-இல் ஃபோர்டு அந்த மறைப்பை விட்டுவிட்டு, சேஸிச் சட்டமே வெளியே தெரியும்படி விட்டது. வெளியே தெரிவதால் அதன் நீளத்துக்கும் ஒரு வரம்பு அழுத்தி அழகு பார்த்தது. ஆகவே மட்கார்டைக் கழற்றிய பிறகும் இந்த வண்டி அம்மணமாகத் தெரிவதில்லை. பின்பக்கம் பெட்ரோல் டேங்கும் அப்படியே, சட்டத்தின் இரு கொம்புகளுக்கு நடுவில் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும். கழற்றக் கழற்ற லட்சணம் கூடுகிற கார் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என்ஜினும் அதே மாதிரிதான். ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர் இரண்டோ மூன்றோ வரிசையாக நிற்கும். விக் எடல்பிராக் போன்றவர்கள் வார்த்துக்கொடுத்த அலுமினிய மேனிஃபோல்டு, பக்கவாட்டில் வரிவரியாக விசிறிபோல் வெட்டிய சிலிண்டர் ஹெட். பானெட்டின் பக்கங்கள் இல்லாததால் எல்லாம் தெரிகிறது. தெரிவதால் பாலிஷ் போடுகிறார்கள். கோடைக் கண்காட்சியில், ஃபிளாட்ஹெட் என்று அழைக்கப்படும் இந்தப் பழைய ஃபோர்டு வி-8 என்ஜினுக்குச் சோதனை உண்டு. அதன் புகை வெளியேறும் வழி பிளாக்கின் ஊடாக, தண்ணீர் ஓடும் பாதையை ஒட்டிப் போகிறது. சூட்டையெல்லாம் ரேடியேட்டர்தான் வாங்கித் தொலைக்க வேண்டும். ஏரிப்படுகையில் முழுவேகத்தில் ஓடும்போது காற்றடித்துப் பிழைத்துக்கொள்ளும். ஜூன் வெயிலில் நடை வேகத்தில் நகரச் சொன்னால் கொதித்துவிடும். ஓரமாக நிறுத்திவிட்டு ரேடியேட்டர் ஆறக் காத்திருக்கும் வண்டிக்காரரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அவர்தான் அசல் என்ஜினை வைத்திருப்பவர். மற்றவர்கள் எப்போதோ 1955-இல் வந்த சின்ன ஷெவர்லே வி-8-க்கோ அதன் பேரப்பிள்ளைகளுக்கோ மாறிவிட்டார்கள்.

மெர்க்குரியின் கதை தலைகீழ். 1949 மாடல் மெர்க்குரியை வடித்தவர் ஃபோர்டு கம்பெனியின் வடிவமைப்பாளர் பாப் கிரெகரி. உருண்ட தோள், தடித்த இடுப்பு, கதவு வரை வழிந்து தேயும் மட்கார்டு. முதல் மாடல் ஆண்டிலேயே மூன்று லட்சம் விற்றது. அதனுள்ளும் ஃபிளாட்ஹெட் வி-8-தான்: 255 கன அங்குலம், 110 குதிரைத்திறன். ஆனால் கஸ்டம்காரர்கள் பானெட்டைத் திறக்கவே அவசரப்படவில்லை. அவர்கள் கண் கூரைமேல் இருந்தது. உடம்பு அப்படி இருக்க, கூரை மட்டும் தொப்பிபோல் உயர்ந்து நிற்கிறதே என்ற உறுத்தல்.

அந்தத் தொப்பியை முதலில் துணிந்து குறைத்தவர்களில் ஒருவர் சாம் பாரிஸ். அவரும் தம்பி ஜார்ஜ் பாரிசும் சிகாகோவில் பிறந்து, கலிபோர்னியாவின் ரோஸ்வில்லில் வளர்ந்து, லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் பட்டறை போட்டவர்கள். பேச்சும் விளம்பரமும் தம்பி. கத்தரியும் வெல்டிங் டார்ச்சும் அண்ணன். 1932 ஃபோர்டு மூடுகாரில் கூரையைக் குறைப்பது ஓரளவு எளிது, தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. மெர்க்குரியில் எல்லாமே சாய்வும் வளைவும். கூரையை நான்கு அங்குலம் இறக்கினால் மேலே உள்ள தூணும் கீழே உள்ள தூணும் சந்திக்காது. கூரையைத் துண்டுகளாக்கி, நீளம் கூட்டி, பின்கண்ணாடியை முன்னோக்கிச் சாய்த்து, முதுகுச் சரிவைப் புதிதாகவே வளைக்க வேண்டும். கண்ணாடிகளையும் புது அளவுக்கு வெட்ட வேண்டும், கண்ணாடியோ கோபக்காரப் பொருள். அளவு பிசகினால் வண்டி நசுங்கிப்போனதுபோல் இருக்கும். கண்காட்சியில் அப்படிச் சிலவற்றைப் பார்க்கலாம். முன்பக்கம் சரியாக வந்து, பின்பக்கம் கூன் விழுந்திருக்கும்.

வெட்டி ஒட்டிய தடத்தை மறைக்க அன்று பட்டி கிடையாது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த கட்டிகள்தான். இதனால்தான் இந்த வண்டிகளுக்கு ‘லெட் ஸ்லெட்’ என்ற பட்டப்பெயர்: ஈயச் சறுக்குவண்டி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைத் தெருவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் முதல் கட்டம் புரிந்துவிடும்: தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, சூடாக்கி, மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பது. அதன் பிறகுதான் கைவரிசை. கலவை உருகி ஓடிவிடாமலும் இறுகிவிடாமலும் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும் சில நொடிகளில், கொழுப்போ மெழுகோ தடவிய மரத்தட்டையால் அதைத் தள்ளி, இழுத்து, வளைவுக்கு ஏற்றபடி படிய வைக்க வேண்டும். சூடு கூடினால் அத்தனையும் தரையில் சொட்டும். ஆறியதும் வளைந்த அரத்தால் ராவவேண்டும். ராவிய தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1950களின் நடுவில் பிளாஸ்டிக் பட்டி வந்ததும் வேலை சுலபமானது, மட்டமான வேலையும் பெருகியது.

இந்தக் கலையின் உச்சம் ஹிரோஹாட்டா மெர்க்குரி. பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர் தன் 1951 மெர்க்குரியைப் பாரிஸ் பட்டறையில் விட்டார். 1952-இல் வெளியே வந்தது வேறு ஜீவன். கூரை இறங்கியதோடு, கதவுக்குப் பின்னால் நின்ற நடுத்தூணையே எடுத்துவிட்டார்கள். கண்ணாடியை இறக்கினால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. பக்கவாட்டில் வழுக்கி இறங்கும் குரோம் பட்டை பியூக் காருடையது. பின்விளக்குகள் லிங்கன். மேலே இளம்பச்சை, கீழே கரும்பச்சை. வேறு வேறு கம்பெனிகளின் உறுப்புகளைக் கோத்தது என்று சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால், மெர்க்குரி கம்பெனி வெளியிட மறந்துபோன மாடல் என்றே தோன்றும்.

மறைப்பதில் இவர்கள் கடைசிவரை போனார்கள். பானெட்டின் முகப்புச் சின்னத்தை எடுத்து ஓட்டையை மூடினார்கள். டிக்கியின் கைப்பிடி போயிற்று. ஹெட்லைட் விளிம்புகளை மட்கார்டுக்குள் புதைத்தார்கள். கதவுக்குக் கைப்பிடியே கிடையாது. வெளியே எங்கோ ஒளித்துவைத்த சின்னப் பொத்தானை அமுக்கினால் மின்காந்தம் ஒன்று தாழ்ப்பாளை இழுக்கும், கதவு டக்கென்று விடுபடும். பேட்டரி தீர்ந்தால்? அதற்கும் ஒரு கள்ளக்கம்பி எங்காவது தொங்கும். அது எங்கே என்பதை வண்டிக்காரர் மனைவியிடம்கூடச் சொல்வாரோ என்னவோ.

இப்போது இரண்டையும் அருகருகே நிறுத்துங்கள். ரோட்ஸ்டருக்குப் பக்கத்தில் நிற்பவர் விரல் நீட்டிப் பேசுவார்: இது இன்ன கார்புரேட்டர், இது இன்ன ஆண்டு பிரேக், இந்த ஆக்ஸில் துளையிட்டது. கேட்பவருக்கு வேலை சுலபம், பாகம் பாகமாக ரசிக்கலாம். மெர்க்குரிக்காரருக்குக் காட்ட எதுவும் இல்லை. ‘எங்கே வெட்டியிருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்பதுதான் அவருடைய பெருமை. அதனால் கஸ்டமைப் பாராட்ட முதலில் அசல் மெர்க்குரி எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ‘நல்ல பெயின்ட்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கஸ்டம் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இந்த வித்தியாசம் அவை பிழைத்த விதத்தையும் தீர்மானித்தது. கழற்றி மாட்டுகிற பண்டத்துக்குச் சாவில்லை. ரோட்ஸ்டரின் பாடி துருப்பிடித்தால் புதுப் பாடி வாங்கலாம்; இன்று இரும்புத் தகட்டிலும் ஃபைபரிலும் புதிது புதிதாக 1932 ஃபோர்டு பாடிகள் தயாராகின்றன. ஹென்றி ஃபோர்டு செய்ததைவிட அதிகமான 1932 ஃபோர்டுகள் இன்று ஓடுகின்றன என்பது அந்த வட்டாரத்தின் பழைய நக்கல். கஸ்டமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குறிப்பிட்ட ஒரு கை, குறிப்பிட்ட ஒரு கூரையை வளைத்தது. நொறுக்கினால் போனது போனதுதான். அதோடு அலங்காரத்தின் விதி, மோஸ்தர் மாறினால் மவுசும் போகும். 1950களின் பிற்பாதியில் டெட்ராய்ட் கம்பெனிகளே தாழ்வாகவும் நீளமாகவும் வால்சிறகு வைத்தும் கார்களை விட ஆரம்பித்தன. பட்டறைக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்தது. 1959-இல் ஹிரோஹாட்டா மெர்க்குரியைப் பதின்வயதுப் பையன் ஒருவன் 500 டாலருக்கு வாங்கினான். ஏழே ஆண்டுகளில் உலகப் புகழ் அந்த விலைக்கு வந்துவிட்டது. அவன் அதை விற்காமல் வைத்திருந்தான் என்பதால்தான் இன்று வண்டி இருக்கிறது. 2022 ஜனவரியில் ஃபுளோரிடா மாநில ஏலத்தில் அது கமிஷனோடு 21 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

வரலாற்றுச் செல்வாக்கு என்று பார்த்தால் ஹாட் ராட் பக்கம்தான் தராசு சாயும், அதில் தகராறு இல்லை. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் தொடங்கிய ‘ஹாட் ராட்’ பத்திரிகை, 1949-இல் யூட்டா மாநிலத்துப் பானவில் உப்புவெளியில் ஆரம்பித்த ஸ்பீட் வீக் என்ற வேகப் போட்டி வாரம், 1951-இல் வாலி பார்க்ஸ் முன்னின்று உருவாக்கிய என்.எச்.ஆர்.ஏ. (தேசிய ஹாட் ராட் சங்கம்) என்று அது ஒரு விளையாட்டையும் ஒரு தொழிலையும் பெற்றெடுத்தது. கஸ்டமின் வாரிசு என்றால் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் வளர்த்த, தரையொட்டித் தாழ்த்திய லோரைடர் கார்களைச் சொல்லலாம், அது தனிக்கதை.

மரியாதை கிடைத்த வரிசையும் இதே மாதிரிதான். 1973-இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஜார்ஜ் லூகாஸ் இரண்டு வண்டிகளையும் ஓடவிட்டார். மஞ்சள் நிற 1932 ஃபோர்டு நாயகர்களில் ஒருவனுக்கு. 1951 மெர்க்குரி ஊர் ரவுடிக் கும்பலுக்கு. பெபிள் பீச் பழங்கார்ப் போட்டி பணக்காரர்களின் புல்வெளி. அங்கே ஹாட் ராடுக்கென்று தனிப்பிரிவு 1997-இலேயே வந்துவிட்டது. டோன் ஸ்பென்சர் உருவாக்கிய 1932 ரோட்ஸ்டர் முதல் பரிசு வாங்கியது. மெர்க்குரி கஸ்டம்களுக்குத் தனிப்பிரிவு கிடைக்க 2015 ஆயிற்று. அதில் வென்றது வேறு எது, ஹிரோஹாட்டா மெர்க்குரிதான்.

கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு சுத்தமாக இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஓக்லாந்தில் நடந்த ரோட்ஸ்டர் கண்காட்சியில் ‘அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்’ பட்டத்தை 1950-இல் முதலில் வென்றது பில் நீக்காம்பின் 1929 ஃபோர்டு. அழகிப் பட்டம் வாங்கிய பிறகு அதே வண்டி ஏரிப்படுகையில் மணிக்கு 140 மைலுக்கு மேல் ஓடியது. 1958, 1959 இரண்டு ஆண்டும் அந்தப் பட்டத்தைத் தட்டிச்சென்ற ‘ஆலா கார்ட்’ பாரிஸ் பட்டறையின் தயாரிப்பு. கஸ்டம்காரன் ஹாட் ராட்காரன் வீட்டுக்குள் புகுந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஹிரோஹாட்டா 1953-இல் தன் மெர்க்குரிக்குக் காடிலாக் என்ஜினைப் பொருத்தி, கலிபோர்னியாவிலிருந்து இண்டியானாபொலிஸ் கண்காட்சிக்குத் தானே ஓட்டிப்போனார்; அந்தப் பயணத்தை ‘ராட் அண்ட் கஸ்டம்’ பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

ஆனாலும் கோடைக் கண்காட்சித் திடலில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை. லெட் ஸ்லெட்தான். அது பிறந்ததே பார்க்கப்படுவதற்கு; நடை வேகத்தில், மாலை வெயிலில், ஜன்னல் ஓரம் முழங்கையை வைத்துக்கொண்டு போவதற்கு. திடல் அதன் சொந்த வீடு. கடிகாரத்துக்காகப் பிறந்த ரோட்ஸ்டர் அங்கே புல்மேல் நிற்கும்போது, துடைத்து வைத்த மேனிஃபோல்டில் ஒரு வேலையின்மை தெரிகிறது. ஒரு தடவைகூடத் தூசி படாத ஹாட் ராடுகள் இன்று வரிசை வரிசையாக வருகின்றன. கம்ப்யூட்டர் இயக்கும் என்ஜின், ஏசி, விலையுயர்ந்த சக்கரம், பட்டியலைப் பார்த்து வாங்கிய பாகங்கள். குறையில்லை, ஆனால் அவற்றில் எதையும் யாரும் கழற்றவில்லை; எல்லாமே மாட்டியவைதான். கைத்திறன் என்ற அளவுகோலை வைத்தால், நன்றாகக் குறைத்த ஒரு மெர்க்குரிக் கூரைக்கு முன் பத்துப் புது ரோட்ஸ்டர்கள் நிற்கமுடியாது என்பது என் கட்சி.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மெர்க்குரிக்குக் கான்சாஸ் மாநிலத்தின் சலைனா ஊருக்குப் போகலாம். ஜூலைக் கடைசியில் அங்கே கஸ்டம்களுக்கென்றே ‘லெட்ஸ்லெட் ஸ்பெக்டாகுலர்’ நடக்கும். கதவின் ஓரத்திலிருந்து பின்மட்கார்டு வரை கண்ணைத் தாழ்த்தி, சாய்வெளிச்சத்தில் பாருங்கள்; அலை தெரிந்தால் பட்டி வேலை சுமார். கையால் மட்டும் தொடாதீர்கள். ஹாட் ராடை வேலை செய்யும் நிலையில் பார்க்க வேண்டுமென்றால் கண்காட்சியை விட்டுவிட்டு ஆகஸ்டில் பானவில்லுக்குப் போங்கள். உப்புத்தரை மழையில் நனைந்திருந்தால் ஸ்பீட் வீக்கையே ரத்து செய்துவிடுவார்கள், முன்பு செய்தும் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.